சோதனையும் சுயமரியாதையும்

(விருதுநகரில் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஆகாய விமான நிலையங்களில் நடக்கும் சோதனையைப் பற்றியது என்று சொன்னவுடன், முன் வரிசையிலிருக்கும் சில தோழர்கள் சிரித்ததைப் பார்த்தோம். "பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறவனிடத்தில் பிளேனைப் பற்றி என்ன பிரசங்கம்?" என்று ஒரு தோழர் வாய்விட்டே கேட்டு விட்டார். அவர் கேட்டதில் நியாயமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் விமானம் என்பது மந்திரிகளுக்கும் முதலாளிகளுக்கும் உரிய வாகனமாகத்தான் இருந்து வந்தது. ஆனால் இன்று நிலைமை என்ன? சிவகாசி அச்சாபீஸில் தாள் சுமந்தவர் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். திருத்தங்கலில் தீப்பெட்டிக்கு அட்டை மடித்தவள் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறாள். பிள்ளைகள் டிக்கட் எடுத்து அனுப்ப, தாய் தகப்பன்மார் தங்கள் ஆயுளிலேயே முதல் தடவையாக மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள். அப்படி ஏறப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் மரியாதை எது? அந்தச் சோதனை வாசலில் கிடைக்கும் மரியாதைதான். ஆகையால் இது பணக்காரன் சங்கதி என்று தள்ளி விடக் கூடியதல்ல. நம் வீட்டுக் கிழவிகளின் மானத்தைப் பற்றிய சங்கதியாகும்.

முதலில் நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லி விடுகிறோம். சிறிது காலத்துக்கு முன் நம்மோடு ஒரு பெரியம்மாள் பிரயாணம் செய்தார்கள். அவர்கள் பெயரும், அது எந்த ஊர் நிலையம் என்பதும் இங்கு அவசியமில்லை. ஏனென்றால் ஓரிடத்தின் மேல் பழி போடுவதோ, ஒரு மனிதனைக் காட்டிக் கொடுப்பதோ நமது நோக்கமல்ல. அந்த அம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேலிருக்கும். சிறு பெண்ணாய் இருந்த போது தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்கள். பிறகு பயராபீஸில் சரம் பின்னியவர்கள். பிரசவித்த மகளைப் பார்க்க வடக்கே புறப்பட்டவர்கள். இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சுண்ணாம்பு டப்பி, சிறிய பாக்குவெட்டி ஒன்று, கொஞ்சம் சில்லறை, பழக்க தோஷத்தால் ஒரு தீப்பெட்டி. கைப்பையில் மகளுக்கென்று கொல்லையில் பறித்த ஒரு தேங்காய்.

சோதனை வாசலில் நின்ற சிப்பாய் இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னார். பெரியம்மாளுக்கு விளங்கவில்லை. அதே இரண்டு வார்த்தையை இன்னும் உரக்கச் சொன்னார். உரக்கச் சொன்னால் தெரியாத பாஷை தெரிந்து விடுமா? பிறகு அவரே கையை நீட்டிச் சுருக்குப்பையை வாங்கித் தட்டில் கொட்டினார். சில்லறை தரையில் உருண்டு ஓடியது. பின்னால் நின்ற கனவான்கள் கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். பெரியம்மாள் குனிந்து குனிந்து ஒவ்வொரு காசாய்ப் பொறுக்கினார்கள். பாக்குவெட்டி போயிற்று, தீப்பெட்டி போயிற்று, தேங்காயும் போயிற்று. எதற்காகப் போயிற்று என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாம் போய் விளக்கம் கேட்டதற்கு, "நீ யார்?" என்பது போல் ஒரு பார்வைதான் பதிலாகக் கிடைத்தது.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு பெரியம்மாள் நம்மிடம் சொன்னதை அவர்கள் சொன்னபடியே சொல்லுகிறோம்:

"தம்பி, எங்க பயராபீஸ் வாசல்லயும் மடியத் தொட்டுப் பாக்கத்தான் செய்வாக. தீப்பெட்டி இருக்கா, செல்போன் இருக்கான்னு கேட்டுப்புட்டுப் பாப்பாக. எல்லாரும் பொழைக்கணும்னுதான் பாக்காகன்னு எனக்குத் தெரியும். இங்கன பாத்தது தப்புன்னு நான் சொல்லல. களவாண்டுட்டு வந்தவளப் பாக்க மாதிரிப் பாத்தாக பாருங்க, அதுதான் மனசுக்கு ஆகல."

தோழர்களே! நாம் இன்று இங்கு ஒரு மணி நேரம் பேசப் போவதெல்லாம் இந்தப் பெரியம்மாள் நாலு வரியில் சொன்னதற்கு வியாக்கியானமே தவிர வேறில்லை. சோதனை வேறு, அவமதிப்பு வேறு. முன்னது உயிரைக் காப்பது. பின்னது மானத்தை எடுப்பது. முன்னதைச் சொல்லிக் கொண்டு பின்னதைச் செய்வதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

சோதனையே கூடாது என்று நாம் சொல்லுவதாக ஒருவரும் திரித்துக் கூற வேண்டாம். 1984-ம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி இரவு சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூன் 23-ந் தேதி கனிஷ்கா என்ற ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் செத்தார்கள். இரண்டு இடத்திலும் பெட்டிக்குச் சொந்தக்காரன் விமானத்தில் ஏறவில்லை. பெட்டி மட்டும் வந்தது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திக் கொண்டு போய் ஒரு வாரம் மக்களைச் சிறை வைத்தார்கள். இத்தனையும் நடந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்க்காதே என்று புத்தியுள்ளவன் எவனாவது சொல்லுவானா?

அதிலும் இந்தச் சிவகாசிச் சீமையில் உள்ளவர்களுக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று எவனும் வந்து பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரும்புச் சாமான் உள்ளே வரக் கூடாது, நைலான் துணி உடுத்தக் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கி விட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும் என்பதெல்லாம் இங்குள்ள பெண்களுக்கு அடுப்பங்கரை விஷயம் மாதிரி தெரியும். அப்படிப்பட்டவர்கள், பறக்கும் வண்டியில் தீப்பெட்டி ஆகாது என்றால் அதை ஒரு நொடியில் ஒப்புக் கொள்ளுவார்கள். அவர்களிடம் காரணம் சொல்லக் கூட ஒருவருக்கு மனம் வரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ஒரு சோதனை நியாயமான சோதனையா, அல்லது வெறும் அதிகாரமா என்று கண்டுபிடிக்க நாலு கேள்விகள் போதும். காரணம் சொல்லுகிறாயா? விளங்கும் பாஷையில் சொல்லுகிறாயா? எல்லோருக்கும் ஒன்று போல் செய்கிறாயா? தப்பு நேர்ந்தால் பதில் சொல்லுகிறாயா? இந்த நாலுக்கும் "ஆம்" என்று வந்தால் நாம் தலைவணங்குவோம். வராத இடத்தில் கேட்கத்தான் செய்வோம்.

முதலில் பாஷையைப் பார்ப்போம். 2000-ம் வருஷத்துக்கு முன் விமான நிலையங்களில் சோதனை செய்தவர்கள் அந்தந்த மாகாணப் போலீசார். காந்தகார் சம்பவத்திற்குப் பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை என்னும் டெல்லி சர்க்காரின் படையிடம் நிலையங்கள் ஒவ்வொன்றாய் ஒப்படைக்கப்பட்டன. நல்ல பயிற்சி உள்ள ஒரே படை வேண்டும் என்பது காரணம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சியில் பாஷை சேர வேண்டாமா?

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் பாராளுமன்ற அங்கத்தினர் கனிமொழி அவர்கள், எனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் இந்தியர்தானா என்ற கேள்வி தமக்குப் பதிலாகக் கிடைத்தது என்று வெளியிட்டார்கள். விசாரணைக்கு உத்தரவாயிற்று. 2022 டிசம்பரில் நம் மதுரை நிலையத்தில், வயதான தம் தாய் தகப்பனாரின் பையிலிருந்து சில்லறையை எடுக்கச் சொல்லி 20 நிமிஷம் அலைக்கழித்தார்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று கேட்டும் இந்தியிலேயே பேசினார்கள் என்று நடிகர் சித்தார்த் புகார் சொன்னார். அப்படி நடக்கவில்லை என்று அதிகாரிகள் தரப்பில் மறுத்தார்கள். 2023 டிசம்பரில் கோவா நிலையத்தில் இந்தி தெரியாது என்று சொன்ன ஒரு தமிழ்ப் பெண்ணிடம், தமிழ்நாடு இந்தியாவில்தானே இருக்கிறது, இந்தி கற்றுக்கொள் என்ற தோரணையில் உபதேசம் செய்ததாகப் புகார் வந்து, முதல் மந்திரி ஸ்டாலின் அவர்களே கண்டித்தார்கள்.

இந்த மூன்றில் எது எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல. ஆனால் ஒன்று கேட்கின்றோம். பாராளுமன்ற அங்கத்தினருக்கும் சினிமா நடிகருக்கும் இந்தக் கதி என்றால், அவர்கள் எழுதினால் ஊரே படிக்கும் என்ற நிலையிலுள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், காசைப் பொறுக்கிய பெரியம்மாளின் புகாரை யார் எழுதுவது, யார் படிப்பது?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பாஷை என்பது மானத்திற்கு மட்டும் வேண்டியதல்ல, பாதுகாப்பிற்கே வேண்டியது. "நில்" என்பதும், "தொடாதே" என்பதும், "ஓடு" என்பதும் விளங்காத பாஷையில் சொல்லப்பட்டால் அதனால் யாருக்கு என்ன லாபம்? பயராபீஸில் மருந்து சூடேறுவதைப் பார்த்த போர்மேன், பக்கத்திலுள்ள பெண்ணுக்குத் தெரியாத பாஷையில் எச்சரிக்கை செய்தால் அங்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஆகவே, தமிழ்நாட்டு நிலையத்தில் தமிழ் தெரிந்தவரை நிறுத்து என்று கேட்பது பாஷை வெறியல்ல. சோதனையைச் சோதனையாக நடத்து என்று கேட்பதேயாகும். சென்னை உள்நாட்டு நிலையத்திற்குப் பெயர் யார் பெயர்? இதே விருதுநகரில் பிறந்த காமராசர் பெயர். காமராசர் பெயரை வாசலில் எழுதி வைத்து விட்டு, காமராசர் பேசிய பாஷையை உள்ளே செல்லாக் காசாக்குவது என்ன யோக்கியதை?

இரண்டாவதாக, உடம்பில் குறையுள்ளவர்கள் படும் பாடு. நாட்டியக்காரர் சுதா சந்திரன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். 1981-ல் திருச்சிக்கு அருகில் நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலைப் பொருத்திக் கொண்டு மறுபடியும் மேடையேறிய அம்மையார். விமான நிலையத்திற்குப் போகும் போதெல்லாம் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்லுகிறார்கள், கருவி வைத்துப் பார்க்கலாமே, இது மனிதத்தன்மையா என்று 2021 அக்டோபரில் அவர்கள் பிரதம மந்திரிக்கே முறையிட்டார்கள். படையினர் மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த வருஷம் மார்ச்சு மாதத்தில் கௌஹாத்தி நிலையத்தில், இடுப்பில் உலோகம் வைத்துச் சிகிச்சை பெற்ற 80 வயது மூதாட்டியின் உடையைக் களையச் செய்தார்கள் என்று புகார் எழுந்து, காவலர் ஒருவர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

மன்னிப்பும் தண்டனையும் வந்தது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் பெற்றவர் அழுதால்தான், ஒரு படித்த வீட்டுப் பிள்ளை எழுதினால்தான் மன்னிப்பு வரும் என்றால், அதற்கு நியாயம் என்று பெயரா? பயராபீஸ் விபத்தில் கை கால் இழந்தவர்கள், வெந்த உடம்போடு உலாவுகிறவர்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். நாளைக்கு அவர்களில் ஒருவர் அந்த வாசலில் நின்றால், அவர் யாரிடம் முறையிடுவார்? போதாக்குறைக்கு, கையைத் துடைத்துப் பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது. வெடிமருந்தின் அணுவளவு துகளையும் அது மோப்பம் பிடிக்கும். நல்ல கருவிதான். ஆனால் பட்டாசு மருந்தைத் தொட்ட கை, வயலுக்கு உரமிட்ட கை, மார்வலிக்கு மாத்திரை எடுத்த கை இவைகளைக் கண்டாலும் அது கூவக் கூடும். கருவி கூவினால் இன்னும் ஒரு முறை பார் என்று அர்த்தமே தவிர, எதிரில் நிற்பவன் குற்றவாளி என்று அர்த்தமல்ல. கருவிக்கு மனிதனைத் தெரியாது. கருவியைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரிய வேண்டாமா?

இனி, எல்லோருக்கும் ஒன்று போலா என்ற கேள்விக்கு வருவோம். சோதனையின்றி நேரே போகலாம் என்று சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ராஷ்டிரபதி முதல் கவர்னர்கள் வரை, பெரிய பெரிய பதவிக்காரர்கள் அதில் உண்டு. பதவியே இல்லாத ராபர்ட் வதேரா என்பவரின் பெயர் கூட, ஒரு பெரிய குடும்பத்தின் மருமகன் என்ற பாத்தியதையில் அதில் எழுதியிருந்தது. பலத்த கூச்சலுக்குப் பிறகு 2015-ல்தான் எடுத்தார்கள். பெரிய குடும்பத்தில் பெண் எடுத்தால் குண்டு கொண்டு போக மாட்டான், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்தால் கொண்டு போவான் என்பது என்ன சாஸ்திரம்? பிறப்பாலும் உறவாலும் சுத்தம் அசுத்தம் பார்ப்பதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி நாம் நேரத்தைப் போக்கவில்லை.

இந்த விஷயத்தில் இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் அவர்கள் நடந்து காட்டிய விதத்தை நினைக்க வேண்டும். ராஷ்டிரபதி பதவியிலிருந்து இறங்கிய பிறகு, 2009-ல் டெல்லியில் ஒரு அமெரிக்க விமானக் கம்பெனியார் அவரைச் சோதனை போட்டார்கள். அவர் பட்டியலில் உள்ளவர். ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். 2011-ல் நியூயார்க்கில் அவருடைய கோட்டையும் பூட்சையும் வாங்கிச் சோதித்தார்கள். அப்பொழுதும் அவர் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டவர்கள் மற்றவர்கள். பாராளுமன்றம் கொதித்தது, கம்பெனியார் மன்னிப்புக் கேட்டார்கள், அமெரிக்க சர்க்காரும் வருத்தம் தெரிவித்தது. நாம் கேட்பது, பெரியவருக்காகக் கொதித்த நெஞ்சங்கள் சிறியவருக்காக ஏன் வெதுவெதுப்பாகக் கூட ஆகவில்லை என்பதே. நம் மனம் புண்பட்டது சோதனையாலா, அல்லது "பெரிய மனிதரையுமா" என்ற எண்ணத்தாலா? "பெரிய மனிதரையுமா" என்று கேட்கிறவன், சின்ன மனிதனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒப்புக் கொண்டவனாகிறான்.

தேங்காய்க் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேங்காய் தீப்பற்றும் பொருள், ஆகையால் கைப்பையில் ஆகாது என்பது விதி. பெரியம்மாளின் தேங்காய் அந்த விதியால்தான் போயிற்று. சரி, விதி என்றால் விதி. ஆனால் 2024 அக்டோபரில், சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் இருமுடியில் கட்டிய தேங்காயைக் கையிலேயே கொண்டு போகலாம் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. 2025 ஜனவரி 20 வரை அந்தச் சலுகை. எக்ஸ்ரேயில் பார்த்து, துகள் கருவியில் பார்த்து, கையாலும் பார்த்து விட வேண்டும் என்பது நிபந்தனை.

பக்தர்களுக்குக் கொடுத்ததை நாம் பிடுங்கச் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒரு சின்னக் கணக்கு. மூன்று விதமாகப் பார்த்த பின் தேங்காய் அபாயமில்லாதது என்றால், அதே மூன்று விதமாகப் பார்த்துப் பெரியம்மாளின் தேங்காயையும் ஏன் விடக் கூடாது? பார்த்த பின்னும் அபாயமுள்ளது என்றால், சாமி பேரைச் சொல்லிக் கட்டியவுடன் அதன் எண்ணெயில் தீப்பிடிக்கும் குணம் போய் விடுமா? தேங்காய்க்கு நெருப்புத்தான் தெரியும், பக்தி தெரியாது. மகளுக்குச் சட்னி அரைக்கக் கொண்டு போகும் தேங்காய் தள்ளுபடி, ஐயப்பனுக்குக் கொண்டு போகும் தேங்காய்க்கு விலக்கு என்றால், விதி செய்கிறவர்களே தங்கள் விதிக்குக் காரணம் போதாது என்று ஒப்புக் கொண்டது போலாகவில்லையா?

அதற்காக விதிகளெல்லாம் மாறாதவை என்றும் நினைத்து விடாதீர்கள். 2001 டிசம்பரில் ஒருவன் பூட்சின் அடியில் வெடிமருந்து வைத்து அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தில் ஏறி, தீக்குச்சி கிழித்துப் பற்ற வைக்கப் பார்த்தான். பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக் கொண்டார்கள். அதிலிருந்து அமெரிக்க நிலையங்களில் பூட்சைக் கழற்றும் வழக்கம் வந்து, 2006 முதல் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. நல்ல கருவிகள் வந்து விட்டன, இனிக் கழற்ற வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் அதே சர்க்கார் அந்தக் கட்டாயத்தை எடுத்து விட்டது. காரணம் வந்தது, விதி வந்தது. காரணம் தீர்ந்தது, விதி போயிற்று. இதுதான் பகுத்தறிவு.

"செருப்பைக் கழற்று" என்ற வார்த்தை இந்தப் பூமிக்குப் புதிதல்ல, தோழர்களே! இன்னார் தெருவில் இன்னார் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, கோவிலுக்குள் நுழையக் கூடாது என்ற கொடுமை நடந்த நாடு இது. கோவில் நுழையும் உரிமை கேட்டதற்காக 1899-ல் இதே சிவகாசியைத் தாக்கி எரித்தார்கள். ஏன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேட்டால், அன்று கிடைத்த பதில் "வழக்கம்" என்ற ஒன்றுதான். அந்தப் பதிலை ஏற்க மாட்டோம் என்று சொல்லித்தான் 1931-ல் இந்த விருதுநகரில் மூன்றாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. விமான நிலையத்தில் செருப்பைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. தெருவில் கழற்றியதற்குக் காரணம் கிடையாது. இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசம், சோதனை செய்கிறவர் காரணத்தைச் சொல்லுகிற வரையில்தான் இருக்கும். "சொன்னதைச் செய், கேட்காதே" என்று அவர் வாய் திறந்த நிமிஷமே இரண்டும் ஒன்றாகி விடும்.

இவ்வளவும் சொல்லுவதால் அந்தச் சிப்பாயை நாம் வெறுக்கச் சொல்லுவதாக எண்ண வேண்டாம். அவர் யார்? பீகாரிலோ இராஜஸ்தானத்திலோ ஒரு ஏழைக் குடியானவன் மகன். பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு விட்டு, மணிக்கணக்காய் நின்ற நிலையில் ஆயிரம் பைகளைப் பார்க்கிறவர். ஆயிரத்தில் ஒன்றைத் தவற விட்டால் அவர் தலைதான் போகும். ஆயிரம் பேரை மரியாதையில்லாமல் நடத்தினால் ஒன்றும் ஆகாது. அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிற இடத்தில் அவரிடம் மரியாதை எங்கிருந்து முளைக்கும்? மேலே இருப்பவன் அவரை "டேய்" என்கிறான். அவர் கீழே நிற்பவளை அதட்டுகிறார். ஆகவே நமது சண்டை அந்த ஏற்பாட்டோடுதான். சிப்பாய்க்குத் தமிழ் கற்றுக் கொடுக்காததும், ஓய்வு கொடுக்காததும், மரியாதையை வேலையின் ஒரு பாகமாகச் சொல்லிக் கொடுக்காததும் அவர் குற்றமல்ல.

கடைசியாக ஒரு சங்கதி. ஒரு கிழவியின் சுருக்குப்பையில் ஒரு தீப்பெட்டியைக் கண்டுபிடிக்க இத்தனை கருவி, இத்தனை ஆள், இத்தனை கண்டிப்பு வைத்திருக்கிற சர்க்கார்கள், அந்தக் கிழவி வேலை செய்த இடத்தில் என்ன கண்டிப்பு வைத்திருந்தார்கள்? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் வெந்து செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டியில் பலர். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியில் பலர். ஒவ்வொரு தடவையும் பிறகு வெளியாகும் செய்தி ஒரே மாதிரிதான்: நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேற்பட்டவர், உள்குத்தகை, மரத்தடியில் வேலை, விதிக்கு மேல் சரக்கு. விதி இருந்தது; சோதனைதான் இல்லை. விமான நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பைகளைத் திறக்கிறார்களோ, அதில் நூற்றில் ஒரு பங்கு சிரத்தையோடு வருஷம் முழுதும் பயராபீஸ் அறைகளைத் திறந்து பார்த்திருந்தால் எத்தனை தாலி மிஞ்சியிருக்கும்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? எந்த இடத்தில் பணக்காரன் உயிரும் ஏழை உயிரும் ஒரே வண்டியில் போகிறதோ, அந்த இடத்தில் சோதனை கடுமையாக இருக்கிறது. எந்த இடத்தில் ஏழை உயிர் மட்டும் இருக்கிறதோ, அந்த இடத்தில் சோதனை தூங்குகிறது. முதலிடத்தில் ஏழைக்கு அவமானம். இரண்டாமிடத்தில் ஏழைக்குச் சாவு. இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள். அந்த நோய்க்குப் பெயர், மனிதனை மனிதனாக மதியாமை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தமிழ்நாட்டு நிலையம் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு சோதனை வரிசையிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். எது கூடாது, ஏன் கூடாது என்பதைப் படமும் தமிழுமாக வரிசையின் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கும் வயோதிகர்களுக்கும் தனி வரிசை வேண்டும். சோதனை விலக்குப் பட்டியலை அடியோடு கிழித்தெறிய வேண்டும். பெரியவர்களும் வரிசையில் நின்றால் வரிசை தானாகத் திருந்தும். எடுத்து வைக்கும் சாமானுக்குச் சீட்டுக் கொடுத்து, திரும்பி வரும்போது வாங்கிக் கொள்ள வழி செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் புறப்படும் முன், தீப்பெட்டி, பாக்குவெட்டி, கத்தி, கத்தரிக்கோல் இவைகளை நீங்களே எடுத்து வைத்து விட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். பெண்களைப் பெண்காவலரே மறைவில் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். உடம்பில் உலோகமோ செயற்கை உறுப்போ இருந்தால், டாக்டர் சீட்டைக் கையில் வைத்து, தனி அறையில் பாருங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அதட்டினால் பதிலுக்கு அதட்ட வேண்டாம். சட்டையிலுள்ள பெயரையும், நேரத்தையும் குறித்துக் கொண்டு, ஏர்சேவா என்னும் சர்க்காரின் புகார் ஏற்பாட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்கும் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். அன்று காசு உருண்டபோது கடிகாரத்தைப் பார்த்த கனவான்களில் ஒருவர் குனிந்து ஒரு காசை எடுத்துக் கொடுத்திருந்தால், அந்தச் சிப்பாயின் குரல் கூடக் கொஞ்சம் தணிந்திருக்கும்.

தோழர்களே! பெரியம்மாள் திரும்பி வரும்போது சுருக்குப்பையில் சில்லறை கொண்டு வரவில்லை. எல்லாவற்றையும் பேரப்பிள்ளை கையில் கொடுத்து விட்டு வந்து விட்டார்கள். "இனி உருளறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நமக்குச் சுகமாக இல்லை. அவமானத்திற்குத் தகுந்தபடி தன்னைச் சுருக்கிக் கொள்ளக் கற்றுக் கொள்ளுவதுதான் ஏழைகளுக்கு இந்த நாடு ஆயிரம் வருஷமாய்க் கொடுத்து வந்த படிப்பு. அந்தப் படிப்பை இனி நம் கிழவிகள் கூடப் படிக்க வேண்டியதில்லை. சில்லறையோடு போகட்டும், சோதனைக்கு நிற்கட்டும், மானத்தோடு ஏறட்டும்.